இடது கால்

திருப்பாலைக்குடிக்குத் தெற்கே
உப்புக்காற்று குடைந்த சத்திரம்.
உள்சுவரில் ராஜா.
போன அடைமழையில் முகம் உதிர்ந்துவிட்டது;
மீசையின் ஒரு நுனி மட்டும்
யாருக்கும் சொந்தமில்லாமல் நிற்கிறது.

என் வேலை அவருக்குக் கீழே,
ஒரு சாண் உயரப் பட்டையில்.
யானைக்கும் பல்லக்குக்கும் கொடுத்ததுபோக
மிஞ்சிய சுவரில்
ஏழு பேர் ஒரு தோணி கட்டுகிறார்கள்.

பஞ்சுக் குச்சியை நனைத்து உருட்டுகிறேன்,
நாளுக்கு ஓர் உள்ளங்கை அளவு.
திங்கள்: ஏரா மரம்.
செவ்வாய், புதன்: வங்குக்கால் பதினொன்று,
பன்னிரண்டாவதைப் பல்லி எச்சம் தின்றிருந்தது.
வியாழன்: கலப்பத்து அடிக்கிறவன்,
ஒரு கன்னம் உப்பி, பல்லிடுக்கில் பஞ்சுத் திரி.
வெள்ளி: வாய்ச்சிக்காரன்.

பதிவேட்டில் எழுதினேன்:
உருவம் ஐந்து. இடது கால். பெருவிரல் இல்லை.
வண்ண உதிர்வு. நிரப்ப வேண்டும்.
காவியும் கொஞ்சம் மஞ்சளும் குழைத்து
கிண்ணத்தை மூடி வைத்தேன்.

ராஜாவுக்குச் சாரம் கட்ட வந்தவன் சீனி உசேன்.
ஓடாவி. முப்பது வயசு இருக்கும்.
கையில் இரண்டு விசைப்படகு, ஒரு ஃபைபர் வள்ளம்;
இந்தச் சவுக்குக் கம்புக் கட்டு
எனக்காக அரைநாள் தயவு
என்று மூன்று முறை சொல்லிவிட்டான்.

கடைசி முடிச்சைப் போட்டு இறங்கியவன்
சுவரைப் பார்த்தான். முதலில் தோணியை.
வருகிறவர்கள் எல்லாரும் ராஜாவைத்தான் பார்ப்பார்கள்.
"அணியம் ரொம்பத் தூக்கல். கச்சானுக்குத் தாங்காது."
"ரம்பத்துல ரெண்டு பேரும் ஒரே நேரத்துல இழுக்குறான்.
எப்படி அறுபடும்?"
"இவன் சும்மா நிக்கிறான். மேஸ்திரியா இருக்கும்."

பிறகு, சாந்து உதிர்ந்த இடத்தில்
படத்துக்கும் அடியில் ஓடுகிற சிவப்புக் கோட்டை
தொடாமல் காட்டினான்.
"இது நூல் அடிச்சது. எங்க நூலு."
ஆமாம். காவி தோய்த்த நூலை
ஈரச் சுண்ணாம்பில் இழுத்துப் பிடித்துச் சுண்டியிருக்கிறார்கள்;
இருபுறமும் தெறித்த பொடிப் புள்ளிகள்.
ராஜா நிற்பதும் அந்தக் கோட்டின் மேல்தான்.
மறுநுனியைப் பிடித்திருந்தவன் பெயருக்கு
என் பதிவேட்டில் கட்டம் இல்லை.

வாய்ச்சிக்காரனிடம் வந்ததும் சிரித்துவிட்டான்.
"வரைஞ்சவன் வாய்ச்சியக் கண்ணால பாக்கலக்கா.
கால இப்படி அணை கொடுத்து
இந்தச் சாய்வுல வெட்டுனா
வெரலு போயிரும்."

போயிருக்கிறது, என்றேன்.

என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் இருந்தது.
குந்தி உட்கார்ந்து பூதக்கண்ணாடியை வாங்கினான்.
நெடுநேரம்.
அந்த இடம் உதிர்ந்த விளிம்பாய் இல்லை.
மெல்லிய கறுப்புக் கோடு ஒன்று அதை
வளைத்து மூடியிருந்தது,
ஆறிய தோல் மூடுமே, அப்படி.
அழுக்கு என்று நினைத்து
நாளைக்குத் துடைக்க வைத்திருந்தேன் அதை.

"அப்பச் சரியாத்தான் பாத்திருக்கான்.
நல்லா ஆறுன காயம்.
அதுக்கப்புறமும் அதே சாய்வுல வெட்டுறான் பாரு,
திருந்தாத பய."

அண்ணாந்து ராஜாவின் பாதங்களைப் பார்த்தேன்.
பத்து விரலும் சீப்புப் பல்லாகச் சமம்.
பாவம், அவர் பக்கத்தில் போய்
யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை.

கிண்ணத்தில் காவி காய்ந்து வெடித்திருந்தது.
'நிரப்ப வேண்டும்' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தேன்.
நூல் அடித்தாற்போல் வரவில்லை,
கோணல்.

கூலியை எண்ணி மடித்துக்கொண்டு
உப்பளத்து வரப்பில் போனான் சீனி உசேன்.
அவன் காலைப் பார்க்கக் கூடாது என்றிருந்தேன்.
பார்த்தேன்.
ஷூ போட்டிருந்தான்,
ஃபைபர் பிசின் கெட்டித்த பழைய ஷூ,
லேஸ் இல்லாமல்.