இடைவேளைக்குப் பிறகு அவனைக் காணோம்

நம்ம ஊரைப் படத்தில் காட்டினால்
ஒரு மஞ்சள் சுவர், கூடை வைத்த சைக்கிள்,
அப்புறம் பாட்டில்.
ராஜா தியேட்டர் சிக்னலில்
தொண்ணூறு நொடி வெயில் காய்கிற ஹீரோவை
இதுவரை ஒருத்தரும் எடுக்கவில்லை.

சரி, அதை விடு.
அமலோற்பவத்துக்கு கிளைமாக்ஸ் பிடித்திருந்ததாம்.
ஏழரை மணி சீரியலில் மாமியார்
பட்டுப்புடவையோடு தூங்குவதையே நம்புகிறவள்.

என் கேள்வி ஒன்றுதான்.
ஹீரோவின் நண்பன்,
அதான், கிக்கர் உடைந்த ஸ்கூட்டரில் வருவானே,
இடைவேளைக்கு முந்தின சண்டையில்
அவன் தலையில்தானே இரும்புக் கம்பி?
ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.
நாங்கள் போய் பாப்கார்ன் வாங்கி வந்தோம்.
பிறகு இரண்டு டூயட், ஒரு கல்யாணம்.
அவனைப் பற்றிப் பேச்சே இல்லை.

'சினிமாதானடி' என்கிறாள்.

எனக்கு அன்றைக்கு ராத்திரி டூட்டி.
கோரிமேடு, ஆண்கள் வார்டு.
ஃபிளாஸ்க்கும் பன் பாக்கெட்டுமாய் வந்தவர்கள்
எல்லாரும் இறங்கிப் போன பிறகும்
ஏதாவது ஒரு கட்டில்
கதவையே பார்த்துக்கொண்டிருக்கும்.
ட்ரிப்ஸ் மாற்றும்போது மெதுவாய்க் கேட்பான்:
'சிஸ்டர், என் வண்டிய யாராவது எடுத்தாங்களா?'

படத்துக்கு அஞ்சுக்கு ரெண்டு கொடுக்கலாம்.
ரெண்டும் அந்த ஸ்கூட்டருக்கு.