மேல்கட்டிலுக்கு வருகிறவளுக்கு

உன் பெயர் இன்னும் எனக்குத் தெரியாது.
நாளை கிசுமு பஸ்ஸிலிருந்து தகரப்பெட்டியோடு இறங்குவாய்.
பெட்டியின் மேல் உன் பெயரை
வெள்ளை பெயின்ட்டில் உன் அப்பா எழுதியிருப்பார்,
கடைசி எழுத்துக்கு இடம் போதாமல்
ஓரத்தில் நசுக்கி.
சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். என்னுடையதும் அப்படித்தான்.

முதலில் பூட்டு.
சாவியைக் கழுத்தில் போட்டுக்கொள்.
தலையணைக்கு அடியில் வைத்த சாவி ஊருக்கே சாவி.

மணி நாலரைக்கு.
நாலே காலுக்கு எழுந்தால் குழாயில் தண்ணீர் இருக்கும்,
நாலரைக்கு எழுந்தால் வரிசை இருக்கும்.

கிதேரியில் வண்டு மிதக்கும்.
முதல் வாரம் பொறுக்கி எடுப்பாய்,
இரண்டாம் வாரம் கண்ணை மூடிக்கொள்வாய்,
பிறகு தட்டை வழித்து நக்குவாய்.

மூன்றாம் படிவத்து அக்காக்கள்
எரிகிற பல்பை ஊதி அணைக்கச் சொல்வார்கள்.
ஊது. ஒரே ஒரு தரம்.
அழாதே, அழுதால் நாளைக்கும் வருவார்கள்.

வஃபூலா சார் கரும்பலகையோடுதான் பேசுவார்.
கை தூக்கினால் தெரியாது. இருமு.

இவ்வளவையும் கணக்கு நோட்டின் பின்பக்கம்
எழுதி முடித்துவிட்டேன்.
எழுத உட்கார்ந்தது இதற்கில்லை.

போன வருடம் உன் கட்டிலில் அகோத் இருந்தாள்.
மழையில் பிறந்தவள் என்று அர்த்தமாம், அவளே சொன்னாள்.
அவள் புரண்டால் என் முகத்தில் துரு உதிரும்.
திட்டுவேன்.
மே மாதம் பீஸ் கட்டாதவர்களை
காலைக் கூட்டத்தில் வாசித்தார்கள். ஏழாவது பெயர்.
உன் பெட்டியைப் பார், இரண்டு பக்கமும் பிடி இருக்கும்.
ஒரு ஆள் தூக்குவதற்குச் செய்ததல்ல அது.
நான் பூகோளப் புத்தகத்துக்குள் தலையை விட்டுக்கொண்டேன்.
நைல் எங்கே தொடங்குகிறது என்று
மூன்று தரம் படித்தேன். இப்போதும் தெரியாது.
வாசல்வரை அவள் பெட்டியை இழுத்துக்கொண்டே போனாள்.
சாயங்காலம் ககமேகா மழை வரும்வரை
முற்றத்தில் அந்தக் கோடு கிடந்தது.
தாண்டித்தான் சாப்பிடப் போனோம்.

நாளை கேட்டருகே நிற்பேன்.
ஒரு பிடி எனக்கு.
பூட்டையும் பல்பையும் நடந்துகொண்டே சொல்கிறேன்.

அப்புறம், உன் மெத்தைக்கு அடியில்
பழைய துணி ஒன்று இழுத்துக் கட்டியிருக்கிறேன், துருவுக்கு.
நன்றாகப் புரண்டு படு.

நெக்கேசா,
கீழ்க்கட்டில்