முப்பத்தொன்றாவது நட்டு

எட்டு பாட்டில் வினிகர்.
கல்லாவில் இருந்த பெண் எண்ணிவிட்டுக் கேட்டாள்:
"பிப்ரவரியில் எங்கே கிடைத்தது இத்தனை வெள்ளரிக்காய்?"
ஊறப்போடுவது பெட்ரோல் டாங்க் என்றேன்.
சில்லறையை வழக்கத்தைவிட வேகமாகத் தந்தாள்.

ஓஸ்ட்ராவாவின் பத்து மாடிக் குடியிருப்பில்
எங்களுடையது நாலாவது மாடி.
காரேஜ் கிடையாது. குளியல்தொட்டி உண்டு.
மூன்று நாள் ராடிம் நகராட்சி நீச்சல்குளத்தில் குளித்தான்,
தோளில் துண்டும்
தியாகியின் நடையுமாக.

ஜாவா முந்நூற்றைம்பது.
ஒரு கோழிக்கொட்டகையிலிருந்து
பெட்டி பெட்டியாக வாங்கி வந்தது.
விற்றவன் டாங்க் மூடியைத் திறக்க விடவில்லை.
"வெளியே பாருங்கள், என்ன சிவப்பு!"
வெளியே சிவப்புதான்.
உள்ளேயும் சிவப்புதான்,
வேறு சிவப்பு.
விரலை விட்டால் பொருக்குப் பொருக்காய் உதிர்ந்தது.
பழைய பெட்ரோல் வற்றிப் பிசினாகி
வார்னிஷ் வாடை அடித்தது.

குழாய்த் துளைக்கு ஒயின் பாட்டிலின் தக்கை.
வினிகரோடு முப்பத்தொரு நட்டு,
எண்ணித்தான் போட்டேன்.
போர்வையில் சுற்றி மடியில் வைத்து ஆட்டினேன்,
பிள்ளையைத் தூங்கவைப்பதுபோல் அல்ல,
பள்ளிக்கு எழுப்புவதுபோல்.
கீழ்வீட்டு ஹ்ருஷ்கோவா துடைப்பக்கட்டையால்
தன் கூரையை இடித்தாள்.
நிறுத்தினேன். நிறுத்தினாள்.
ஆட்டினேன். இடித்தாள்.
ஒன்பது மணிவாக்கில்
எங்களுக்குள் ஒரு தாளம் படிந்துவிட்டது.

மூன்றாம் நாள் கவிழ்த்தேன்.
தொட்டி நிறையச் செம்மண் புதுவெள்ளம்.
சோடா மாவு கரைத்து ஊற்றச் சீறியது.
தண்ணீர், மறுபடி தண்ணீர், தலைமுடி உலர்த்தும் கருவி,
அதற்குப் பிறகு ஓட்டம்தான்:
கழுவிய இரும்பு கால் மணி பொறுக்காது,
காற்றுப் பட்டதும் மஞ்சள் பூத்துவிடும்.
டூ ஸ்ட்ரோக் எண்ணெயைக் கொட்டி
இப்படியும் அப்படியும் உருட்டினேன்.
டார்ச்சை உள்ளே விட்டால் வெறும் சாம்பல் தகடு,
பிறந்த மேனிக்கு.

ராடிமைக் கூப்பிட்டுக் காட்டினேன்.
"நன்றாகத்தான் இருக்கிறது. குளியலறை விளக்கை அணை" என்றான்.
அணைத்தேன்.
டாங்க்கின் அடிவயிற்றில், வண்ணம் கொப்பளித்த மடிப்பில்,
ஊசிமுனை அளவில் மூன்று வெளிச்சம்.

இத்தனை வருஷம் அவற்றை
அடைத்து வைத்திருந்தது துருதான்.

ராடிம் வாயைத் திறந்தான்.
"வேண்டாம்" என்றேன்.
"இதைக் கல்யாணத்துக்கு ஒப்பிட்டால்
இன்னொரு வாரம் நீச்சல்குளம்தான்."
மூடிக்கொண்டான்.
ஆனாலும் விளக்கைப் போட
இருவருக்குமே அவசரம் இல்லை.

நான் வேலை செய்வது பல் கட்டும் கூடத்தில்.
சொத்தையை மிச்சம் வைத்து மேலே அடைத்தால்
ராத்திரி இரண்டு மணிக்கு அது எழுப்பும்.
அதனால் வருத்தப்பட எனக்கு உரிமை இல்லை.
சுரண்டினேன், ஓட்டை தெரிந்தது, அவ்வளவுதான்.
டாங்க்கைக் குப்புற வைத்து
ஓட்டைக்கு ஒரு விரல் கீழே வரை தண்ணீர் நிரப்பினேன்,
மிச்சமிருக்கும் ஆவி நெருப்பைத் தேடி வராமலிருக்க.
அந்தச் சிவப்பில் ஒரு காசு அளவு உரித்து
ஈயத்தை உருக்கி இட்டேன்.
மூன்று பொட்டு. நன்றாக அடங்கியது.

அழைப்புமணி. ஹ்ருஷ்கோவா.
"ஏன் சத்தத்தைக் காணோம்?" என்றாள்.
சொன்னேன். கேட்டாள். கீழே போனாள்.
திரும்பி வந்தபோது கையில்
ஒழுகும் எனாமல் பால்பாத்திரம்.

இன்னொன்று. நட்டுகளைத் துடைத்து எண்ணினேன்.
முப்பது.
தொட்டியைத் துழாவினேன், போர்வையை உதறினேன்,
ராடிமின் செருப்பைக்கூடத் தட்டிப் பார்த்தேன்.
முப்பது.

மே மாதம் வண்டி ஓடியது,
நீலப் புகையும் கெட்ட பேச்சுமாக.
பின்னால் ராடிம், என் இடுப்பைக் கொஞ்சம்
தேவைக்கு அதிகமாகவே பிடித்தபடி.
டிராம் தண்டவாளத்தைக் கடக்கையில்
டாங்க்குக்குள் எங்கோ ஒரு டிக்.

"அதென்ன?" என்று காதில் கத்தினான்.
"முப்பத்தொன்று!" என்று கத்தினேன்.
வேகத்தைச் சொல்கிறேன் என்று நினைத்து
இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.