ஒத்திகையில் ஒரு திருத்தம்

ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரி.
பழைய சலவை அறைதான் மேடை.
உச்சிமாகாளி இன்றைக்கு நர்ஸ்:
இரவல் வெள்ளைக் கோட்டு,
குடியை விட்டு நாற்பது நாளாகியும்
அடங்காத கை.

நோயாளி நான்.
"நெஞ்சு வலிக்கி சிஸ்டர்" என்கிறேன்.
குனிந்து என் வாயை மோந்து பார்க்கிறான்.
"குடிச்சா வலிக்கத்தான் செய்யும்.
அந்தா, அந்தப் பெஞ்சில போயி கெடயும்."

நாடகத்தில் மூன்று நிமிஷம்.
அவன் அண்ணன் கிடந்தது
விடியும்வரை.
விடிந்ததை அண்ணன் பார்க்கவில்லை.

பின்வரிசையில் ஜெபக்கனி சிஸ்டர் எழுந்தாள்.
நிறுத்தச் சொல்வாள் என்றிருந்தோம்.

"பெஞ்சுன்னு நான் சொல்லலை.
தரையிலன்னு சொன்னேன்.
திருத்திக்கிடுங்க."

யாரும் யாரையும் பார்க்கவில்லை.
உச்சிமாகாளி பெஞ்சை
ஓரமாக இழுத்துப் போட்டான்.

படுத்தேன்.
பினாயில் வாடை.
சித்திரை வெயிலிலும்
சிமெண்டு சில்லிட்டது.