இரண்டாவது கோடு

மல்ஹாஸ், இன்று கோச்சா வந்தான்.
எனக்கு அடையாளம் தெரியவில்லை.
பெயர், பிறந்த வருடம், பதினோரு இலக்க எண்,
பிறகு வழக்கமான கேள்விகள்:
ரத்தம் ஏற்றியதுண்டா, பல் பிடுங்கியதுண்டா,
பச்சை குத்தியதுண்டா,
எப்போதாவது ஊசி...
இந்தக் கேள்விக்கு மட்டும் குரலைத் தாழ்த்துவேன்.
வரிசையில் பின்னால் யாருடைய மனைவியாவது நிற்பாள்.

'ஒரு குளிர்காலம்,' என்றான்.
'கரன்ட் இல்லாத குளிர்காலம்.'
எந்த வருடம் என்று நான் கேட்கவில்லை.
ருஸ்தாவியில் அப்படி நிறைய வருடங்கள்,
உருக்காலை அணைந்து,
மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் ஆரஞ்சுத் தோல் காய்ந்துகொண்டிருந்த வருடங்கள்.

அப்புறம் தலை நிமிராமலே சொன்னான்:
'எத்தேரி, மோதிர விரலில் குத்து.
மற்றதெல்லாம் வெல்டிங்கில் மரத்துப்போச்சு.'

அப்போதுதான் தெரிந்தது.

ஒரு துளி ரத்தம், இரண்டு துளி கரைசல்.
தீப்பெட்டியைவிட ஒடுங்கிய பிளாஸ்டிக் தட்டு.
இருபது நிமிடம்.
அதற்குள் எதிர்க்கடையில் மூன்று ஈடு ரொட்டி எடுத்துவிடுவார்கள்.

முதல் கோடு எல்லோருக்கும் வரும்.
சோதனை சரியாக நடந்தது என்பதற்கு அது;
ஆளைப் பற்றி ஒன்றும் சொல்லாது.
இரண்டாவது கோடு
பதினோராம் நிமிடத்தில்
துவைத்த சட்டை உலர உலரத் திராட்சைக் கறை தெரிவதுபோல
வந்தது.
காத்திருந்த பஸ் வந்தவனைப் போல
தலையாட்டினான் கோச்சா.

நான் மனப்பாடத்தை ஒப்பித்தேன்.
இது கிருமி இல்லை.
கிருமி வந்துபோன வீட்டில் உடம்பு கட்டிவைத்த நாய்.
திருடன் உள்ளே இருந்தாலும் குரைக்கும்,
ஓடி இருபது வருடமானாலும் குரைக்கும்.
உள்ளே இருக்கிறானா என்று பார்க்க
இன்னொரு குழாய் ரத்தம் வேண்டும்.

'நாய் சாகாதா?' என்று கேட்டான்.
பெரும்பாலும் சாகாது என்றேன்.

ஒன்பதாம் நாள் தாள் வந்தது. வைரஸ் இல்லை.
மாத்திரை இல்லை, மருத்துவர் இல்லை,
யாருக்கும் தெரியாமல் ஏதோ ஒரு மாதத்தில்
இவன் வெல்டிங் செய்துகொண்டோ தூங்கிக்கொண்டோ இருக்கையில்
இவன் ரத்தம் தானே சண்டையிட்டு ஜெயித்திருக்கிறது.
நால்வரில் ஒருவருக்கு அப்படி நடக்கும் என்பார்கள்.

ஒரே ஊசி, மல்ஹாஸ்.
ஒரே மெழுகுவத்தி, ஒரே கரண்டி.
உனக்குக் கல்லீரலில்
ஈரல் போய்க் கல் மிஞ்சியது.
இலவச மாத்திரை இந்த ஊருக்கு வரும்போது
உன்மேல் நான்கு முறை புல் முளைத்திருந்தது.

தாளை வாங்கிய கோச்சாவுக்குச் சந்தோஷப்படத் தெரியவில்லை.
தேர்வில் பக்கத்துப் பையனைப் பார்த்து எழுதி
தான் மட்டும் தேறியவனைப் போல நின்றான்.
'யார் முதலில் போட்டது என்று ஞாபகமில்லை,' என்றான்,
நான் கேட்காமலே.

ரத்தத்துக்கு நினைவு இருக்கிறது;
தேதி இல்லை, பெயர் இல்லை,
வரிசை இல்லை.
அவனை வெறுக்க வசதியாக அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.
கொஞ்ச நேரம் தேடினேன்.

போகும் முன் ஒரு பகுதி நிரப்ப வேண்டும்:
ஊசியைப் பகிர்ந்தவர்கள்.
உன் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னான்,
எனக்கு எழுதத் தெரியாததுபோல.
சோதித்தாயிற்றா, ஆம் இல்லை என்று
கணினி இரண்டு கட்டம் காட்டியது.
மூன்றாவது கட்டம் கிடையாது.
கண் மஞ்சளாகி வயிறு வீங்கிய பிறகும்
நீ ஒருநாளும் எனக்கு விரலை நீட்டவில்லை.
'இல்லை' என்று தட்டினேன்.

உடனே திரையில் வந்தது:
அழைத்து நினைவூட்டவும்.
தேதி?

வியாழன் என்று போட்டேன்.
அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.