காகிதம் சுடுகிறவள்

எதைச் சுடுவதற்கு என்று
விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருந்தது.
காகிதத்தை, என்று எழுதினேன்.
கலெக்டர் ஆபீஸ் கிளார்க் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
"விளையாட்டுன்னு எழுதும்மா, போதும்."

விளையாட்டு என்று எழுதினேன்.

உச்சிப்புளி ஸ்டேஷனிலிருந்து
விசாரணைக்கு ஏட்டு காட்டுராஜா வந்தார்.
டீ குடித்தார். எதிர்வீட்டில் போய்க் கேட்டார்,
"கோவக்காரப் புள்ளையா?"
"தண்ணி லாரிக்காரன்ட்ட மட்டும்" என்றாள் சம்பூரணம்.
அதையும் எழுதிக்கொண்டாரா, தெரியவில்லை.

மனநலச் சான்றுக்கு ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி.
தூக்கம் வருதா?
வருது.
எதிரின்னு யாராச்சும்?
ஐம்பது மீட்டரில் இருக்கு டாக்டர்,
கொண்டைக்கடலை அளவில், என்று வாய்வரை வந்ததை
விழுங்கிவிட்டு, இல்லை என்றேன்.

பதினோரு மாதம்.
ஜெராக்ஸ் கடைக்காரனுக்கு என் மூக்குக்கு மேலிருக்கும் மச்சம்
மனப்பாடம் ஆகியிருந்தது.
ஒரு காகிதத்தைச் சுட
எத்தனை காகிதம் என்று எண்ணிப் பார்த்தேன்:
நூற்று நாற்பத்தேழு, ஸ்டாம்ப் ஒட்டியது தனி.

மண்டபத்தில் நண்டுக் கம்பெனியில் எனக்குக் கணக்கு வேலை.
வந்த நண்டு, செத்த நண்டு, ஐஸில் போன நண்டு.
அதனால் தோட்டாக் கணக்கு கஷ்டமில்லை.
வாங்கியது இத்தனை, சுட்டது இத்தனை, மிச்சம் இத்தனை,
காரணம் என்றொரு கலம்.
அதில் எப்போதும் ஒரே சொல்: பயிற்சி.

இறால் குட்டை சீனி முகம்மது ஒருநாள் வண்டியை மறித்தார்.
"நீர்க்காக்கா கூட்டமா எறங்குதும்மா.
வந்து ரெண்டு போட்டுட்டுப் போயேன்."
என் லைசென்ஸில் உயிர் எதுவும் கிடையாது பாய், என்றேன்.
"பறக்காத காயிதத்தைச் சுட
என்னத்துக்குத் துப்பாக்கி?"
பதில் சொல்லிக்கொண்டே வீடு வந்தேன்,
அவருக்கு அல்ல.

அப்புறம் தேர்தல் அறிவித்தார்கள்.
ஏழு நாளுக்குள் ஒப்படைக்கச் சொல்லி வாட்சப்பில் உத்தரவு.
தேசிய அளவில் சுடுகிறவர்களுக்கு விலக்கு உண்டாம்.
நான் மாவட்டத்தில் நாலாவது.

ரைட்டர் முத்துராக்கு நம்பரைச் சரிபார்த்து
ரசீது கிழித்தார்.
தென்னந்தோப்புக்காரர்களின் இரட்டைக்குழல்களுக்கு நடுவே
என் ஒல்லிக்குச்சி .22.
அதன் கழுத்தில் நூல் கட்டி ஒரு சீட்டைத் தொங்கவிட்டார்.
காகிதம் ஒருவழியாக அதைப் பிடித்துவிட்டது.

சார், வாரம் ஒருதரம் வந்து எண்ணெய் போட்டுக்கிறேன்.
"தொடப்படாதும்மா. ரூல்."
சார், உப்புக் காத்து.
"எனக்குந்தான் அடிக்குது."

ஐம்பத்து மூன்று நாள்.
சாயங்காலங்களில் விளக்குமாற்றுக் கம்பைத் தோளில் வைத்து
மூச்சைப் பாதியில் நிறுத்திப் பழகினேன்.
"அம்மா வீட்டைப் பெருக்கலை, சுடுது" என்று
மகன் போனில் யாரிடமோ சொன்னான்.
கொண்டல் விட்டுவிட்டு அடித்தது.
ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேட்டின் தாழ்ப்பாள்
ஒவ்வொன்றாகச் சிவந்தபோது
ஸ்டேஷன் இருக்கும் திசையைப் பார்க்காமல் இருந்தேன்.

எண்ணிக்கை முடிந்து, வென்றவர் வெடி போட்டு,
ஆள் வைத்து ரோட்டைக் கூட்டிய பிறகு
ரசீதோடு போனேன்.
உறையைத் திறந்தால் உள்ளே
பொடிசாய் வெள்ளைப் பொட்டலங்கள் ஆறு,
புதுச் செருப்புப் பெட்டியில் போட்டு வருமே, அது.
நிமிர்ந்தேன். முத்துராக்கு
வேறொரு பதிவேட்டில் குனிந்திருந்தார்.
"கையெழுத்துப் போட்டுட்டுக் கிளம்பும்மா."

ஆனாலும் குழாயின் வாயோரம்
கடுகளவு துரு.
அதனால்தானா, ஐம்பத்து மூன்று நாள் கம்பு பிடித்த தோளாலா,
கிளப்பில் முதல் தோட்டா வலப்பக்கம் எட்டில் விழுந்தது.
இரண்டாவதும்.
காட்சியை இடப்பக்கம் ரெண்டு கிளிக் திருப்பினேன்,
போதவில்லை, இன்னொன்று.
மூக்கில் வியர்வை. தூரத்தில் ஒரு விசைப்படகு
இன்ஜின் பிடிக்காமல் இருமிக்கொண்டிருந்தது.

பத்தாவது தோட்டா கடலையைத் தொட்டது.

ரிஜிஸ்டரை எடுத்தேன்.
சுட்டது: பத்து.
காரணம் என்ற கலத்தில்
பயிற்சி என்று எழுதப் போய், நிறுத்தி,
உப்பு, என்று எழுதினேன்.
தணிக்கைக்கு வருகிறவர் கேட்கட்டும்.