பதினேழாவது கேள்வி

அடிக்கோடிட்ட சொல்லின் பொருள் யாது.
அவ்வளவுதான் கேள்வி.
கருப்பு மைப் பேனா, நாலு வட்டம்,
காரைக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தின் மாடி அறை.
பெஞ்சின் ஒரு கால் ஆடுகிறது.
நுழைவுச் சீட்டை நாலாய் மடித்து
முட்டுக் கொடுக்க ஆசை.
விடமாட்டார்கள்.

பத்தி சின்னதுதான்.
'சாத்தையா கடையில் ஊருக்கே பற்று இருந்தது.
மழை பொய்த்த வருடம் அவர் அந்தப் பேரேட்டைக்
கிணற்றில் போட்டார்.
அதன் பிறகும் ஊருக்கு அவர்மேல் பற்று இருந்தது.'
கோடு இரண்டாவது பற்றின் கீழே.

அ. கடன்
ஆ. அன்பு
இ. பூச்சு
ஈ. பிடிமானம்

எனக்கு இந்தச் சொல்லை ஆறு வருடமாய்த் தெரியும்.
புதுவயல் அரிசி ஆலையில், தவிட்டுத் தூசிக்குள்
தினமும் முப்பது தடவை எழுதுகிறேன்.
குருணை எடுத்தவன், உமி எடுத்தவன்,
பொங்கலுக்குத் தருகிறேன் என்று போனவன்,
எல்லாரும் என் கையெழுத்தில் பற்று.
எனக்கு யாரிடமும் அது கிடையாது.

தெரிந்த சொல்தான் கவிழ்க்கும் என்பாள் ஜெசிந்தா மிஸ்,
ஞாயிற்றுக்கிழமை வகுப்பில்.
என்னைவிட இரண்டு வயது சின்னவள்.
சொல்லை விரலால் மூடுங்க.
அந்த ஓட்டையில் உங்க சொல் ஒண்ணைப் போடுங்க.
அப்புறமா நாலையும் பாருங்க.
தப்பு விடை மூணும் தப்பில்லை,
வேற வரியில் அது சரி.
உண்மைதான். சுக்கை உரைத்து நெற்றியில் போட்டால்
இ-க்கு முழு மதிப்பெண்.

மூடினேன்.
விரலுக்கு அடியிலிருந்து எனக்கு வந்த சொல்
பாக்கி.

ஏன் வராது?
பேரேடு நனைந்தால் கடன் நனையுமா?
கொடுத்தவர் மறக்கலாம்,
வாங்கித் தின்றவன் எப்படி மறப்பான்?
பின் பெஞ்சில் யாரோ தாளைத் திருப்புகிறார்கள்.
இவ்வளவு யோசிக்க ஒன்றரை மதிப்பெண் கட்டாது.

மறுபடி வாசித்தேன்,
எடைச் சீட்டை வாசிக்கிற மாதிரி, எழுத்தெழுத்தாய்.
முதல் வரியில் கடையில்.
கடைசி வரியில் அவர்மேல்.

சேவுகன் பேரில் பற்று என்றுதான் எழுதுவோம்.
சேவுகன்மேல் பற்று என்று ஒருநாள் எழுதிவிட்டால்
மூட்டை தூக்குகிறவர் முதல் மொத்த ஆலையும் சிரிக்கும்,
சேவுகன் ஒரு வாரம் உமி எடுக்க வரமாட்டான்.

ஆ-வைக் கருப்பாக்கினேன்.

கண்டனூர் தாண்டும்போது வயிரவன் முதலாளியிடமிருந்து போன்.
போன மாதம் சம்பளம் கூட்டிக் கேட்டபோது
பார்க்கலாம் என்றார்.
இன்றைக்கு லீவு கேட்டபோதும் பார்க்கலாம்தான்.
முன்னதற்குப் பொருள், கிடையாது.
பின்னதற்கு, போய்த் தொலை.
தை மாதம் பெண் பார்க்க வந்தவர்கள்
வெள்ளைப் பணியாரம் தின்று கைகழுவிவிட்டுச் சொன்ன
பார்க்கலாமுக்கு,
இனிப் பார்க்கமாட்டோம்.

'என்ன, எழுதிட்டியா? திங்கக்கிழமை வந்துருவேல்ல?
லோடு ரெண்டு நிக்குது.'

பார்க்கலாம் என்றேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பின்னால் ஆலை ஓடுவது மட்டும் கேட்கிறது.
முன் வரியைத் தேடுகிறார் போல.